ஜெய்சல்மேர் கோட்டைக்குள் தங்கவைக்காதீர்கள்: ராஜஸ்தான் டூர் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து ராஜஸ்தானுக்குக் குழுக்களை அழைத்துப் போகும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அடுத்த சீசனுக்கான பயணத் திட்டத்தை நீங்கள் அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஜெய்ப்பூர், புஷ்கர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், உதய்ப்பூர் என்று ஊர்ப் பட்டியல் பெரிதாக மாறப்போவதில்லை. அதில் ஜெய்சல்மேர் என்ற ஒரு வரியை மட்டும் திருத்தி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். கோட்டைக்குள் இருக்கும் விடுதிகளில் யாரையும் தங்கவைக்காதீர்கள். அதோடு, பகலில் அந்தக் கோட்டைக்கு நீங்கள் இப்போது ஒதுக்கும் இரண்டு மணி நேரத்தை ஒரு முழு நாளாக்குங்கள். நாம் இரவு தங்குவதால் கோட்டை கெடுகிறது. பகலில் அவசரப்படுவதால், அவ்வளவு தூரம் வந்தவர்கள் ஒன்றும் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

மற்ற ராஜஸ்தான் கோட்டைகளோடு ஜெய்சல்மேரை ஒரே வரிசையில் வைக்க முடியாது. ஜோத்பூரின் மெஹ்ரான்கர், ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆமேர், பிகானேரின் ஜுனாகர் எல்லாம் இன்று அருங்காட்சியகங்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போகிறோம், சாயங்காலம் கதவை மூடிவிடுகிறார்கள். ஜெய்சல்மேர் கோட்டைக்குள் நுழைய டிக்கெட் கிடையாது, ஏனென்றால் அது ஊர். 1156இல் ராவல் ஜெய்சல் என்ற ராஜபுத்திர மன்னர் லோதுர்வாவிலிருந்து தலைநகரை மாற்றிக்கொண்டு வந்து கட்டத் தொடங்கிய கோட்டை அது. இன்றும் அதற்குள் சில ஆயிரம் பேர் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். சந்துகளில் துணி காய்கிறது, பசு மறிக்கிறது, பள்ளிக்கூடத்துப் பையன்கள் நம்மை இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். 2013இல் யுனெஸ்கோ, ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் என்று சித்தோர்கர், கும்பல்கர், ரந்தம்போர், காக்ரோன், ஆமேர், ஜெய்சல்மேர் ஆகிய ஆறையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த ஆறில் மணற்பரப்பின் நடுவே நிற்பது ஜெய்சல்மேர் ஒன்றுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோட்டை நிற்கும் திரிகூட மலை சுற்றுப்புறத் தரையிலிருந்து சுமார் 75 மீட்டர் உயரம். கருங்கல் மலை என்று நினைத்துவிடாதீர்கள். மணற்கல் அடுக்குகளுக்கு இடையே களிமண் அடுக்குகள் படிந்த, பலம் குறைந்த மலை. களிமண் காய்ந்து கிடக்கும்வரை மேலே எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும். நீர் இறங்கினால் உப்பும், இளகும், மேலே உள்ள கல் அடுக்கோடு சேர்ந்து சரியும். 99 கொத்தளங்களோடு ஒரு மதிலையும் அதற்குள் ஓர் ஊரையும் இந்த மலைமேல் ஏற்றிவைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆண்டு முழுவதும் பெய்தாலே ஏறத்தாழ 200 மில்லிமீட்டரைத் தாண்டாத ஊர் அது. சென்னையில் ஒரு பெருமழை நாளில் பெய்துவிடும் அளவு. அந்தக் கொஞ்ச மழையையும் மலைக்குள் இறங்க விடாமல் வெளியே தள்ளுவதற்காகச் சந்துகளைச் சரிவாக அமைத்து, கல்லாலான வடிகால்களை மதிலுக்கு வெளியே போகும்படி கட்டியிருக்கிறார்கள். அங்கே அதற்கு 'குட் நாலி' என்று பெயர்.

வீடுகளில் புழங்கிய தண்ணீரும் அதற்குத் தகுந்த அளவுதான். கோட்டைக்குக் கீழே இருக்கும் கடீசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் குடம் வைத்து மலை ஏறி வந்தார்கள். அப்படிச் சுமந்து வந்த தண்ணீரை யாரும் வீணாக ஊற்றுவதில்லை. குளித்தது, பாத்திரம் கழுவியது என்று மிஞ்சுவதெல்லாம் அந்தப் பாலைவன வெயிலில் சந்துகளைத் தாண்டுவதற்குள் உலர்ந்துவிடும்.

பிறகு குழாய் வந்தது. அதில் தப்பே இல்லை. தலைச்சுமை ஒழிந்தது நல்லதுதான், கோட்டையைக் காப்பாற்றக் குடம் சுமக்கச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆனால் குழாயோடு சுற்றுலாவும் சேர்ந்தபோதுதான் கணக்கு தலைகீழானது. வீடுகள் விடுதிகளாயின. ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறை, ஷவர், ஃப்ளஷ். மொட்டைமாடியில் உணவகம். சில குடங்களுக்காகக் கட்டிய வடிகாலில் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் விழ ஆரம்பித்தது. பின்னால் பதித்த கழிவுநீர்க் குழாய்களும் கசிந்தன. வெளியே போகாத தண்ணீர் மலைக்குள் இறங்கியது.

அதன் விளைவை உலகம் கவனித்து முப்பது வருஷம் ஆகிறது. ஆபத்தில் இருக்கும் சின்னங்கள் என்று வேர்ல்டு மான்யுமென்ட்ஸ் ஃபண்டு வெளியிடும் பட்டியலில் ஜெய்சல்மேர் கோட்டை 1996, 1998, 2000 என்று திரும்பத் திரும்ப வந்தது. பிரிட்டனில் இந்தக் கோட்டைக்காகவே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அரண்மனையில் ராணி மஹாலின் ஒரு பகுதி இடிந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. கொத்தளங்கள் சரிந்திருக்கின்றன. ஏற்கெனவே நீரில் ஊறித் தளர்ந்திருந்த கட்டடங்களை 2001 ஜனவரியில் குஜராத் நிலநடுக்கம் மேலும் ஆட்டிவிட்டது. 2024 ஆகஸ்ட் மழையில் மதிலின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. இந்தியத் தொல்லியல் துறை கொத்தளங்களையும் அடிவாரச் சரிவையும் தொடர்ந்து சீர்செய்து வருகிறது. கீழே முட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்க, மேலே ஷவரைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தால் எந்தத் துறை என்ன செய்ய முடியும்?

நான் போன குழுவோடு கோட்டைக்குள் நடந்தபோது, ஒரு விடுதியின் பின்சுவரில் குழாய் ஒழுகி, மஞ்சள் கல் கறுத்துப் பாசி படர்ந்திருந்ததைப் பார்த்தேன். பாலைவனத்தில் பாசி. கூட வந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிக்கவில்லை, கவனித்தவர்களுக்கும் அது சாதாரணமாகத்தான் பட்டது. நம் ஊரில் பாசி பிடிக்காத சுவர் ஏது?

உங்களில் பலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். "எங்கள் பஸ் நாற்பது பேர் பஸ், அது கோட்டைக்குள் போகவே முடியாது, நாங்கள் வெளியேதான் தங்குகிறோம்" என்பீர்கள். உண்மைதான். கூடவே சமையல்காரரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய குழுக்கள் வெளியே உள்ள ஹோட்டலிலோ சாம் மணல்மேட்டுக் கூடாரத்திலோதான் இறங்குகின்றன. நான் சொல்வது, டெம்போ டிராவலரில் பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்துப் போகும் சிறு குழுக்களை. 'பொற்கோட்டைக்குள் ஓர் இரவு' என்று அதையே கவர்ச்சியாகப் போட்டு, தலைக்குக் கூடுதலாக வாங்கும் திட்டங்களை. அப்புறம், விமானத்தில் வரும் குடும்பங்களுக்குத் தனித்தனியாக அறை பிடித்துத் தருகிறீர்களே, அவற்றையும்.

"வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களே" என்பீர்கள். கேட்பார்கள்தான், காரணம் தெரியாததால். 800 வருஷத்துக்கு மேல் பழைய மதிலோரத்து அறையில் கண்விழிக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் நம் மக்களிடம் விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். "நாம் குளிக்கிற தண்ணீர் இந்தக் கோட்டையின் அடியில் இறங்குகிறது, அதனால் கீழே தங்குகிறோம், ஜன்னலைத் திறந்தால் முழுக் கோட்டையும் தெரியும்" என்று சொன்னால் முகம் சுளிக்கிறவர் ஒருவரோ இருவரோதான். உள்ளே தங்கினால் கோட்டை கண்ணுக்குத் தெரியாது. வெளியே ஒரு மாடியில் நின்றால்தான், சாயங்கால வெயில் பட்டு அந்த மஞ்சள் கல் முழுவதும் தேன் நிறமாவது தெரியும். கோட்டையைப் பார்த்தபடி மொட்டைமாடி உள்ள விடுதிகள் கீழே நகரத்தில் நிறையவே இருக்கின்றன.

இதில் எனக்கே நெருடலான கேள்வி ஒன்று உண்டு. உள்ளே விடுதி நடத்துகிறவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் குடும்பங்கள். நாம் தங்காவிட்டால் அவர்கள் பிழைப்பு? இதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கால் ஊன்றி நிற்கும் மலையே கரைகிறது என்பதும் அவர்கள் பிரச்சினைதான், நம்மைவிட அவர்களுக்கே முதலில். அதனால்தான் பகலைப் பெரிதாக்கச் சொல்கிறேன். வெளியூர் வழிகாட்டியை பஸ்ஸிலேயே கூட்டி வராமல், கோட்டைக்குள் வசிக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்துங்கள். கம்பளியும் வெள்ளி நகையும் உள்ளே உள்ள கடைகளில் வாங்கச் சொல்லுங்கள். ஒரு தேநீர், ஊருக்கே பேர்போன கோட்டுவா லட்டு, மத்தியானத்துக்கு ஒரு வீட்டுச் சாப்பாடு. பத்துப் பேர் உள்ளே சாப்பிடும் தண்ணீரும், பத்துப் பேர் உள்ளே காலையும் மாலையும் குளிக்கும் தண்ணீரும் ஒன்றல்ல. ஒரு நாள் முழுக்க உள்ளே சுற்றும் குழு விட்டுப்போகும் பணம், ஓர் இரவு தங்கும் குழு தருவதற்கு ரொம்பக் குறையாது.

சரி, ஒரு முழு நாள் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு மணி நேரத்தில் ஓட்டிக் காட்டுகிறவர்களுக்கு அது தெரியாமல் போனதில் எனக்கு வியப்பில்லை.

நுழைவிலிருந்தே தொடங்குங்கள். ஆட்டோவில் ஏற்றி நேராகக் கோட்டைக்குள் இருக்கும் தசரா சௌக் என்ற சதுக்கத்தில் இறக்கிவிடாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் ஆட்டோ. மற்றவர்கள் அக்கை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்ற நான்கு வாயில்களையும் நடந்து கடக்கட்டும். ஒவ்வொரு வாயிலிலும் பாதை ஏன் திரும்புகிறது, யானையோ குதிரையோ வேகம் பிடித்து வந்து கதவை மோத முடியாதபடி ஏன் வளைத்திருக்கிறார்கள் என்பது ஏறும்போது காலுக்கே புரியும். அண்ணாந்து பார்த்தால் மதில் மேல் பெரிய கல் உருண்டைகள் அடுக்கியபடி இருக்கும். முற்றுகைக் காலத்தில் உருட்டிவிடுவதற்காக வைத்தவை, இன்னும் அங்கேயே இருக்கின்றன. சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து பூச்சு இல்லாமல், பொருத்துவாய் செதுக்கி, இரும்புப் பட்டைகளால் பிணைத்துக் கட்டியது. கல்வேலையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நம்மவர்கள். தஞ்சாவூரும் தாராசுரமும் பார்த்த கண்ணுக்கு இதன் அருமை சொல்லாமலே தெரியும், நின்று பார்க்க நேரம் கொடுத்தால்.

அந்தக் கோட்டையின் வரலாற்றை 'இரண்டரைச் சாக்கா' என்று அங்கே சொல்வார்கள். சாக்கா என்றால், தோல்வி உறுதி என்று தெரிந்தபின் பெண்கள் தீயில் இறங்க, ஆண்கள் வாயிலைத் திறந்துகொண்டு போய்ச் சாகும்வரை போரிடுவது. அலாவுதீன் கில்ஜியின் படை முற்றுகையிட்டபோது ஒன்று, துக்ளக் காலத்தில் ஒன்று. அரை எது? 1550இல் அமீர் அலி என்பவர் தன் வீட்டுப் பெண்கள் ராணிகளைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லி, மூடுபல்லக்குகளில் ஆயுதம் தாங்கிய வீரர்களை அனுப்பினார். தீ மூட்டக்கூட நேரமில்லை என்று ராவல் லூன்கரண் அரண்மனைப் பெண்களை வாளாலேயே வெட்டச் செய்தார். அதற்குள் உதவிப் படை வந்து சேர்ந்து எதிரி தோற்றான். தீ இல்லை, தோல்வியும் இல்லை, ஆனாலும் பெண்கள் போய்விட்டார்கள். அதனால் அது அரை என்பது அங்குள்ள மரபு. தசரா சௌக்கில் நின்று இந்தக் கதையைக் கேட்டபின் அரண்மனைக்குள் நுழைந்தால், ரங் மஹாலின் சுவரோவியமும் ஜரோகா பலகணிகளும் வேறு மாதிரி தெரியும். நம் வழிகாட்டிகள் அந்த இடத்தில் செல்ஃபிக்குப் பத்து நிமிஷம் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஜைனக் கோயில்களுக்கு வருகிறேன். ஒரு முழு நாள் கேட்பதற்கு எனக்கு இருக்கும் பெரிய காரணம் இவைதான். பார்சுவநாதர், சம்பவநாதர், சீதளநாதர், சந்திரபிரபர், ரிஷபதேவர், சாந்திநாதர், குந்துநாதர் என்று ஏழு கோயில்கள், சந்து வழியாகவும் படி வழியாகவும் ஒன்றுக்குள் ஒன்றாக இணைந்து நிற்கின்றன. 12ஆம் நூற்றாண்டுக்கும் 16ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்தவை. பாலைவன வாணிபத்தில் செழித்த வணிகக் குடும்பங்களின் கொடை. பார்சுவநாதர் கோயிலின் முன் நிற்கும் தோரணத்தை மட்டும் அரை மணி நேரம் பார்க்கலாம். விரல் நீளத்துக்கு உருவங்கள், ஒவ்வொன்றிலும் இடுப்பின் ஒடிவும் கையின் முத்திரையும் தனித்தனி. மரத்தில் செதுக்குகிற நுணுக்கத்தைக் கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள். பளிங்கு அல்ல, அந்த மஞ்சள் கல்லிலேயே. கூரையை அண்ணாந்து பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக நடனப் பெண்கள்.

சம்பவநாதர் கோயிலின் கீழே ஒரு நிலவறையில் ஞான பண்டார் இருக்கிறது. ஜினபத்ரசூரி என்ற ஜைன ஆசாரியர் 15ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய சுவடி நூலகம். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓலைச்சுவடிகள் அங்கே உண்டு. நம் சுவடிகளில் எழுத்தாணியால் கீறி மை தடவுவோம். இவர்கள் ஓலைமேல் மையால் எழுதியிருக்கிறார்கள், படமும் வரைந்திருக்கிறார்கள். நம் பக்கத்து ஈரத்திலும் கரையானிலும் சுவடிகள் எவ்வளவு சீக்கிரம் போய்விடும், நூறு இருநூறு வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துப் படியெடுக்க வேண்டி வந்தது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு, எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்து ஓலை அப்படியே இருப்பது சாதாரண விஷயமில்லை. அதைக் காப்பாற்றியது அந்த ஊரின் வறட்சி. அதே நிலவறைகளுக்குப் பக்கத்தில்தான் இப்போது குழாய்த் தண்ணீர் கசிகிறது என்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

இந்தக் கோயில்களில் வெளியாட்களைப் பெரும்பாலும் முற்பகலில்தான் உள்ளே விடுகிறார்கள். நீங்களோ காலையில் ஜோத்பூரில் டிபன் முடித்து, 280 கிலோமீட்டர் ஓட்டி, மத்தியானம் வந்து சேர்ந்து, மூன்று மணிக்குக் கோட்டைக்குள் நுழைகிறீர்கள். எங்கள் குழுவுக்கும் அதுதான் நடந்தது. சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, "இங்கே ஜைனக் கோயில் இருக்கிறது" என்று வழிகாட்டி சொன்னார். மன்னார்குடியில் ரயிலேறி ஜோத்பூர்வரை நாள் கணக்கில் உட்கார்ந்து வந்த மனிதர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். வாழ்நாளில் இன்னொரு தடவை வரப்போகிறவர்கள் இல்லை. அவர்களிடம் ஒரு கதவைக் காட்டி அனுப்பினோம். முதல் நாள் மாலை ஊர் வந்து சேர்ந்து, மறுநாள் காலை எட்டு மணிக்குக் கோட்டை ஏறுவதாகத் திட்டத்தை மாற்றினால் போதும். பெல்ட், பர்ஸ் போன்ற தோல் பொருள்களை அறையிலேயே வைத்துவிட்டு வரும்படி முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள்.

பக்கத்திலேயே லட்சுமிநாத் கோயில். சிற்பம் என்று பார்த்தால் ஜைனக் கோயில்களுக்கு முன் அது எளிமையானது. ஆனால் கோட்டை மக்கள் தினமும் கும்பிடும் கோயில் அது. காலையில் பெண்கள் தட்டோடு வருகிறார்கள், பாடுகிறார்கள். எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா, பெருமாள் சன்னிதியைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்து பாசுரம் சொல்ல ஆரம்பித்தார். "நேரமாகுது, நேரமாகுது" என்று அவரை எழுப்பிவிட்டார்கள். பயணத்தில் அவருக்குக் கிடைத்த நல்ல நிமிஷம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடமிருந்து பிடுங்கி, ஒரு கம்பளிக் கடையில் முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். கமிஷன் வரும் கடை எது என்பது உங்களுக்கும் தெரியும், இப்போதெல்லாம் எங்களுக்கும் தெரியும்.

கோட்டைக்கு வெளியே இருப்பவற்றை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பட்வோன் கி ஹவேலி எப்படியும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. குமான் சந்த் பட்வா என்ற வணிகர் 1805 வாக்கில் தொடங்கி, தன் பிள்ளைகளுக்காக எழுப்பிய ஐந்து மாளிகைகள். நத்மல் கி ஹவேலியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறீர்கள், விடாதீர்கள். முகப்பில் இடது பாதியை ஒரு சகோதரரும் வலது பாதியை இன்னொருவரும் செதுக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று, கிட்டே போனால் ஒவ்வொரு ஜன்னலும் வேறு. குழந்தைகளை இதன் முன் நிறுத்தி வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னால் அவர்களே விடமாட்டார்கள்.

கடீசர் ஏரியைப் படகு சவாரி இடமாக மட்டும் காட்டாதீர்கள். 14ஆம் நூற்றாண்டில் மஹாராவல் கட்ஸி சிங் பெருக்கிக் கட்டியதால் அந்தப் பெயர். கோட்டைக்குக் குடம் ஏறியது இங்கிருந்துதான் என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து கோட்டையை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஏன் தங்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. குல்தாராவிலும் பேய்க் கதையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாலிவால் பிராமணர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுப்போன ஊர் அது. திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாங்காமல் போனார்கள் என்பது மக்கள் சொல்லும் கதை, நீர் வற்றிப்போனதையும் காரணமாகச் சொல்கிறார்கள். அவர்கள் செய்த விவசாயம்தான் பேயைவிட ஆச்சரியம். தாழ்வான இடத்தில் நீளமாகக் கரை போட்டு, சுற்றிலும் பெய்யும் மழை ஓடிவந்து தேங்கும்படி செய்து, நீர் மண்ணில் ஊறியபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விளைவித்தார்கள். கடீன் என்பார்கள். இன்றும் அந்த மாவட்டத்தில் கடீன்களில் பயிர் வைக்கிறார்கள். டெல்டா விவசாயி ஒருவர் உங்கள் பஸ்ஸில் இருந்தால், அந்தக் கரையைப் பார்க்க அவர் பஸ்ஸைவிட்டு இறங்காமல் இருக்கமாட்டார்.

சாம் மணல்மேட்டை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஒட்டகம் ஏறாமல் யாரும் ஊர் திரும்பப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மேடையில் உட்கார்ந்திருக்கும் மாங்கணியார் கலைஞர்கள் வழிவழியாக வரும் பாடகர்கள். முஸ்லிம்கள், ஆனால் இந்துப் புரவலர் வீட்டுப் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் தலைமுறைகளாகப் பாடி வருகிறவர்கள். அவர்கள் கையில் இருக்கும் கமாய்ச்சா என்ற வில் வாத்தியம் வேறெங்கும் எளிதில் கேட்கக் கிடைக்காது. அதை வாசித்த ஹமீரா கிராமத்து சாகர் கானுக்கு 2012இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மரபில் வந்தவர்களிடம் நாம் சினிமாப் பாட்டு கேட்கிறோம். கூடார நிர்வாகியிடம் முன்கூட்டியே பேசி, ஒரு மணி நேரம் ஒலிபெருக்கி இல்லாமல் அவர்கள் பாட்டை அவர்களே பாட வழி செய்யுங்கள். இரவுச் சாப்பாட்டில் சாம்பாரோடு கேர் சாங்கிரியும் ஒரு கரண்டி பரிமாறச் சொல்லுங்கள். சாங்கிரி வேறொன்றுமில்லை, நம் சிவன் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரத்தின் காய்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஒரு நாள் கூடினால் பஸ் வாடகை, அறை வாடகை, சமையல்காரர் சம்பளம் எல்லாம் கூடும். பக்கத்து ஏஜென்சி பத்து நாளில் பன்னிரண்டு ஊர் என்று போட்டிருக்க, நீங்கள் ஒன்பது ஊர் என்று போட்டால் ஆள் சேருமா என்ற பயம் நியாயமானது. அதனால் ஒருவர் மட்டும் மாறச் சொல்லிக் கேட்கவில்லை. உங்களுக்குள் சங்கங்கள் இருக்கின்றன, வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. ஜெய்சல்மேருக்கு இரண்டு இரவு, இரண்டுமே கோட்டைக்கு வெளியே என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. புஷ்கரில் ஒரு நேரத்தையோ, ஜெய்ப்பூரில் நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் போகும் அரை நாளையோ குறைத்தாலே பாதி நாள் மிச்சமாகும்.

துண்டறிக்கையில் இப்படிப் போடலாம்: "ஜெய்சல்மேர்: 2 இரவுகள். தங்கல் கோட்டைக்கு வெளியே, கோட்டை தெரியும் விடுதியில். கோட்டையின் அடிமலையைத் தண்ணீர் அரிப்பதால் உள்ளே தங்குவதில்லை. முதல் முழு நாள் காலை 8 மணி முதல் கோட்டை, அரண்மனை, ஜைனக் கோயில்கள், லட்சுமிநாத் கோயில், உள்ளூர் வழிகாட்டியோடு." இந்த நான்கு வாக்கியங்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயர் எங்கும் வேண்டாம். இப்படி அச்சிட்ட திட்டம் ஒன்று என் கைக்கு வந்தால், என் அக்காவையும் அத்தானையும் அதில் முதல் ஆளாகச் சேர்த்துவிடுகிறேன். ஜைனக் கோயிலைச் சாத்திய கதவாகப் பார்த்துவிட்டு வந்தவர்களில் அவர்களும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த ஒரு பயணி